தீர்ப்பு ஊர் வந்து சேர வேண்டும்

(வேலூர் வட்டாரத்தில் பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் நடந்த சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் சட்டம் படித்தாலும் வேலூரின் பெயரைப் படிக்காமல் ஒரு மாணவர் தேர்வு எழுத முடியாது. 'வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம்' என்ற வழக்கு அது. 1991-இல் தொடுக்கப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்புச் சொன்னது. உங்கள் கிணறும் உங்கள் வயலும் இந்த ஆறும்தான் அந்த வழக்கின் பொருள். நாடு முழுவதும் வழக்கறிஞர்கள் அதை மேற்கோள் காட்டி வாதாடுகிறார்கள். ஆனால் இந்த ஊரில் நான் சந்தித்த இளைஞர்களில் பலர் அப்படி ஒரு தீர்ப்பு இருப்பதையே கேள்விப்பட்டதில்லை. அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஒரு தீர்ப்பின் கதை

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி பக்கமாகத் தமிழ்நாட்டுக்குள் வந்து, வயலூர் அருகே கடலில் சேர்கிறது. மேலே தண்ணீர் ஓடுவது அபூர்வம். மணலுக்கு அடியில்தான் அதன் ஓட்டம். ஆற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டி, அந்த நீரை வாய்க்காலில் திருப்பிப் பயிர் செய்தவர்கள் நம் முன்னோர். அதனால் இந்த ஆற்றின் மணலில் எது ஊறினாலும் அது நம் கிணற்றுக்கு வந்துவிடும்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனத் தோல் பதனிடும் தொழில் இங்கே வேர்விட்டது. பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதை மறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் குரோம் முறையில் தோல் பதனிட ஏறக்குறைய 170 வகை ரசாயனங்கள் பயன்படுகின்றன என்றும், ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும் அந்தத் தீர்ப்பு பதிவு செய்கிறது. பயன்படுத்திய தண்ணீர் சுத்திகரிக்கப்படாமல் வயலிலும், சாலையோரத்திலும், ஓடையிலும், கடைசியில் பாலாற்றிலும் விடப்பட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் செய்த ஆய்வின்படி, தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிருந்தது. திண்டுக்கல் பக்கத்தில் 13 ஊர்களில் எடுத்த கணக்கில், குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுப்போயிருந்தன. இந்த எண்களை நீதிமன்றத்தில் அடுக்க முடிந்தது எதனால்? யாரோ ஊர் ஊராகப் போய், கிணறு கிணறாக எட்டிப் பார்த்து, எண்ணி எழுதி வைத்திருந்ததால்.

அந்தத் தீர்ப்பு மூன்று கோட்பாடுகளை இந்த நாட்டின் சட்டம் என்று அறிவித்தது. முதலாவது, முன்னெச்சரிக்கை. கேடு வரும் என்று தெரிந்தால், அறிவியல் ஆதாரம் முழுமையாகக் கிடைக்கவில்லை என்று காரணம் சொல்லி அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. இரண்டாவது, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுப்பதோடு, கெட்டுப்போன மண்ணையும் நீரையும் சீராக்கும் செலவும் அவருடையதே. மூன்றாவது, தன் செயலால் கேடு இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது. 'என் ஆலையால் கெட்டது என்று நீ நிரூபி' என்று ஓர் ஏழை விவசாயியிடம் சொல்லிவிட்டு நகர முடியாது.

இழப்பைக் கணக்கிட்டுத் தர ஓர் ஆணையம் அமைக்க வேண்டும் என்றும், சென்னை உயர் நீதிமன்றத்தில் இந்த வழக்குகளுக்கென்று 'பசுமை அமர்வு' வேண்டும் என்றும் தீர்ப்பு சொன்னது. ஆணையம் அமைந்தது. 2001-இலும் 2009-இலும் இழப்பீட்டு உத்தரவுகள் வந்தன.

இனி 2025-க்கு வாருங்கள். அந்த ஆண்டு ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு இதே பாலாற்றைப் பற்றி மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்க வேண்டி வந்தது. 2001, 2009 உத்தரவுகளின்படி இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும், உயர் நீதிமன்ற ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்துத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. வழக்குப் போட்டு 34 ஆண்டு, முதல் தீர்ப்பு வந்து 28 ஆண்டுக்கு மேல் ஆன பிறகும், கொடுக்கச் சொன்ன பணத்தைக் கொடுங்கள் என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

இவ்வளவு காலம் ஆனதற்குப் பல காரணங்கள் உண்டு. அரசின் மெத்தனம், ஆலைகளின் மேல்முறையீடுகள், நீதிமன்றத் தாமதம் எல்லாம் அதில் அடங்கும். நம் கையில் இருக்கும் காரணம் ஒன்றும் உண்டு. டெல்லியில் வந்த தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, 'எங்கள் ஊரில் இது நடந்ததா' என்று ஒவ்வொரு ஆண்டும் கேட்கத் தெரிந்தவர்கள் எல்லா ஊர்களிலும் இல்லை. கேட்டவர்கள் இருந்ததால்தான் வழக்கு உயிரோடு இருந்தது. அவர்கள் சில பேர். நம் ஊர்களோ நூற்றுக்கணக்கில். சட்டக் கல்வி என்று நான் சொல்வது, ஒவ்வொரு ஊரிலும் அப்படிப்பட்ட நாலு பேரை உருவாக்குவதைத்தான்.

மனு எழுதுவது எப்படி

திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாளில் எத்தனையோ மனுக்களைப் பார்க்கிறேன். 'ஐயா, எங்கள் ஊர் கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது, தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்' என்று இரண்டு வரி இருக்கும். கீழே நாற்பது கையெழுத்து. உண்மையான வேதனைதான். ஆனால் அந்த மனுவை வாங்கும் அலுவலர் எந்தக் கிணற்றுக்குப் போவார்? என்றைக்குக் கெட்டது என்று எழுதுவார்?

அதே விஷயத்தை இப்படி எழுதிப் பாருங்கள். இன்ன கிராமம், புல எண் இது, இன்னாருக்குச் சொந்தமான பாசனக் கிணறு. இன்ன தேதி இரவு மழை பெய்தபோது வடக்கே உள்ள ஓடையில் பழுப்பு நிறத் தண்ணீர் நுரையோடு வந்தது. அழுகிய தோல் வாடை. காலையில் கிணற்றில் அதே நிறம். அந்தத் தண்ணீரைக் குடித்த கறவை மாடு ஒன்றுக்கு வயிற்றுப்போக்கு. கால்நடை மருத்துவர் கொடுத்த சீட்டு இணைப்பில் உள்ளது. ஓடையின் படம் இரண்டு, எடுத்த நேரத்தோடு இணைப்பில் உள்ளது. மாசு கட்டுப்பாடு வாரியப் பொறியாளர் நேரில் வந்து சட்டப்படி நீர் மாதிரி எடுக்க வேண்டும் என்று கோருகிறோம்.

இந்த இரண்டாவது மனுவை யாரும் ஒற்றை வரிப் பதிலோடு மூடிவிட முடியாது. அதில் இடம், காலம், அடையாளம், கோரிக்கை நான்கும் இருக்கின்றன. பத்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண் கால் மணி நேரத்தில் எழுதிவிடலாம். மனு கொடுத்ததும் ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

மாதிரி எடுப்பதைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். நாம் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகும் தண்ணீரை வைத்து மட்டும் ஓர் ஆலைக்குத் தண்டனை வாங்க முடியாது. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம் 21-ஆம் பிரிவில் ஒரு முறை சொல்கிறது. வாரிய அலுவலர் ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். மாதிரியை எடுத்து இரண்டு பங்காகப் பிரிக்க வேண்டும். புட்டிகளில் அடைத்து, முத்திரையிட்டு, கையெழுத்து வாங்கி, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த முறையில் ஒரு படி தவறினாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொள்வார். நாம் பிடித்த பாட்டில் அந்த அலுவலரை வரவழைப்பதற்கு உதவும். அவர் வந்த பிறகு முறைப்படி நடக்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்க நமக்கு அந்தப் பிரிவு தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு காகிதம் அடங்கல். எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் பதிவு செய்யும் கணக்கு. அதில் பத்து ஆண்டுக்கு முன் நெல் என்றும் இப்போது தரிசு என்றும் இருந்தால், அந்த இரண்டு சொல் போதும், ஒரு நிலம் எப்போது செத்தது என்று காட்ட. கள நிலைமைக்கு மாறாக அடங்கலில் பயிர் என்றே எழுதப்பட்டு வந்தால், நாளைக்கு இழப்பீடு கேட்கும்போது அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும். வருடத்துக்கு ஒருமுறை உங்கள் நிலத்தின் அடங்கல் நகலை வாங்கிப் பாருங்கள்.

பத்து ரூபாய் உரிமை

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பத்து ரூபாய் கட்டணம். முப்பது நாளுக்குள் பதில். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. தமிழில் எழுதலாம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால், அவர்களே உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும்.

அதில் எதைக் கேட்பது என்பதில்தான் வெற்றி இருக்கிறது. 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று கேட்டால், 'விளக்கம் கேட்பது தகவல் ஆகாது' என்று பதில் வரும். ஆவணத்தைக் கேளுங்கள். இன்ன ஆலைக்கு மாசு கட்டுப்பாடு வாரியம் கொடுத்த இசைவாணையின் நகல். அதில் உள்ள நிபந்தனைகள். கடைசி மூன்று ஆண்டுகளில் செய்த ஆய்வுகளின் அறிக்கைகள். எடுத்த நீர் மாதிரிகளின் பரிசோதனை முடிவுகள். அனுப்பிய விளக்கம் கேட்கும் நோட்டீஸ்கள். இசைவாணையில் ஒரு நாளைக்கு எவ்வளவு கழிவுநீர் என்று அளவு போட்டிருக்கும். அந்த எண் உங்கள் கையில் வந்துவிட்டால், ஓடையில் வருவது கணக்கில் வந்ததா வராததா என்று நீங்களே கேட்கலாம்.

அதே சட்டத்தில் பலர் பயன்படுத்தாத ஓர் உரிமை இருக்கிறது. கோப்பை நேரில் பார்வையிடலாம். அரசு வசம் உள்ள பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரியையும் கேட்டு வாங்கலாம்.

கிராம சபையும் கருத்துக்கேட்பும்

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதை மறந்துவிடாதீர்கள். குடிநீர், சிறுபாசனம், நீர்வடிப்பகுதி, சமூகக் காடு எல்லாம் அரசியல் சட்டத்தின் 11-ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு ஒதுக்கத் தக்கவையாகச் சொல்லப்பட்டவை. உங்கள் ஊர் ஓடையைப் பற்றித் தீர்மானம் போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தீர்மானத்தை எழுதி, சபையில் வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போடாதீர்கள். நகலைக் கேட்டு வாங்குங்கள்.

கிராம சபைத் தீர்மானம் ஒரு தொழிற்சாலையை உடனே நிறுத்திவிடும் என்று சொன்னால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். அந்த அதிகாரத்தை எல்லா இடத்திலும் சட்டம் கொடுக்கவில்லை. ஆனால் அதன் மதிப்பு என்ன என்பதை மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்து மக்கள் காட்டினார்கள். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் சுமார் 193 ஹெக்டேர் நிலம் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. 2024 நவம்பரில் அந்த இடத்தையும் சேர்த்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்தது. ஊர்கள் கிராம சபையில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மக்கள் திரண்டு நின்றதுதான் முதல் காரணம். திரண்டவர்கள் கையில் ஏற்கெனவே ஓர் அரசு அறிவிக்கை இருந்தது என்பதும் காரணம். ஆபத்து வருவதற்கு முன்பே அந்தக் காகிதம் தயாராக இருந்தது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும். உங்கள் ஊர்ப் பதிவேட்டில் எந்த ஏரி, எந்தப் பறவை, எந்த மூலிகை இருக்கிறது என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள்.

பெரிய திட்டம் வரும்போது மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட அறிவிக்கை அதன் விதிகளைச் சொல்கிறது. குறைந்தது முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். தேசிய நாளிதழ் ஒன்றிலும் தமிழ் நாளிதழ் ஒன்றிலும் விளம்பரம் வர வேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். ஆட்சியரோ, அவர் சார்பில் கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ தலைமை தாங்க வேண்டும். நடப்பதெல்லாம் வீடியோவில் பதிவாக வேண்டும்.

இதில் ஒரு வரியை எல்லோரும் மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கூட்டத்துக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை என்று ஒன்று கிடையாது. நாம் கோபத்தில் புறக்கணித்து வெளியே நின்றாலும், உள்ளே வந்த பத்துப் பேரை வைத்துக் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. கோஷம் போடுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் உங்கள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்காமல் வீடு திரும்பாதீர்கள். கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் இறுதி அறிக்கையில் பதில் சொல்லும் கடமை திட்டக்காரருக்கு உண்டு. கேட்காத கேள்விக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

நாட்கணக்கு

இந்த உரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். 2010-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அமைந்தது. அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அங்கே போக மூன்று நாட்கணக்குகள் உண்டு.

ஒரு திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்ததை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முப்பது நாள். தக்க காரணம் இருந்தால் கூடுதலாக அறுபது நாள். அதற்கு மேல் ஒரு நாள் தாண்டினாலும் கதவு அடைத்துவிடும். சுற்றுச்சூழல் தொடர்பான மற்ற வழக்குகளுக்கு, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம். இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டு.

நல்ல வழக்குகள் பல இந்த நாட்கணக்கில் விழுந்துபோகின்றன. 'பெரியவங்க பேசி முடிச்சுடுவாங்க', 'தேர்தல் முடியட்டும்', 'அறுவடை ஆகட்டும்' என்று நாம் காத்திருக்கும்போது நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. பேச்சுவார்த்தை நடக்கட்டும், அதோடு கூடவே மனுவும் போகட்டும்.

இழப்பீடு யாருக்கு என்பதிலும் ஒரு செய்தி இருக்கிறது. நிலம் கெட்டால் பட்டாதாரருக்குத்தான் பணம் என்று ஊரில் ஒரு நினைப்பு உண்டு. அந்த நிலத்தில் நாற்று நட்ட அக்காவுக்கு? மேய்ச்சலுக்கு ஆடு ஓட்டிய தாத்தாவுக்கு? தீர்ப்பாயச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையை எடுத்துப் பாருங்கள். உயிரிழப்பு, நோய், மருத்துவச் செலவு, பயிர், மரம், தோப்பு என்று வரிசையாகச் சொல்கிறது. கறவை மாடு, உழவு மாட்டுக்கு வந்த கேட்டையும் சொல்கிறது. வேலை இழப்பையும் தனியாகச் சொல்கிறது. பட்டா இல்லாதவரும் தன் இழப்பைச் சொல்ல அங்கே இடம் இருக்கிறது. ஆனால் அவரிடம் வேலை செய்ததற்கான காகிதம் இருக்காது. அதனால் ஊர் முழுவதும் கணக்கெடுக்கும்போது காலனித் தெருவிலிருந்து தொடங்குங்கள். நூறு நாள் வேலை அட்டை, மருத்துவமனைச் சீட்டு, யார் நிலத்தில் எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்ற வாக்குமூலம் எல்லாம் எழுதி வாங்குங்கள். காகிதம் குறைவாக உள்ளவருக்குத்தான் சட்டக் கல்வி முதலில் போய்ச் சேர வேண்டும்.

ஆலைத் தொழிலாளியும் நம்மவர்தான்

ஆலைகளில் வேலை செய்யும் தோழர்கள் இங்கே வந்திருப்பதால் மனம் திறந்து சொல்கிறேன். சுற்றுச்சூழல் என்று பேசினால் வேலை போய்விடும் என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. நியாயமான பயம். ஆனால் கழிவைச் சரியாகக் கையாளாத இடத்தில் முதலில் சாவது தொழிலாளிதான். 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளிகள் இறந்தார்கள். பிழைப்புக்காக வந்து, பக்கத்திலேயே படுத்திருந்தவர்கள். 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுப்போன கழிவு அதே இராணிப்பேட்டையில் மலையாகக் குவிந்து கிடந்து மண்ணுக்குள் இறங்கியது. ஆலை மூடிய பிறகும் விஷம் மூடப்படவில்லை. அந்த ஆலையின் சம்பளம் எப்போதோ நின்றுவிட்டது.

கழிவைச் சுத்திகரித்துத் தொழில் நடத்துவதையே சட்டம் கேட்கிறது. எந்த வால்வு எப்போது திறக்கிறது என்று ஆலைக்குள் இருப்பவருக்குத்தான் தெரியும். விவசாயியும் தொழிலாளியும் ஒரே பந்தலில் உட்கார்ந்து இந்தச் சட்டத்தைப் படித்தால், இருவரையும் எதிரெதிராக நிறுத்திவைத்து லாபம் பார்ப்பவர்களுக்கு வேலை இருக்காது.

ஒரு நாள் முகாம் போதாது

வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த ஒரு வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. திரையரங்குகள் ஒவ்வொரு காட்சியிலும் சுற்றுச்சூழல் பற்றிய ஸ்லைடுகளை இலவசமாகக் காட்ட வேண்டும். பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழலைப் பாடமாக்க வேண்டும் என்றது. மக்களுக்குத் தெரியாத சட்டம் நடைமுறைக்கு வராது என்பதை அன்றே நீதிமன்றம் உணர்ந்திருந்தது. பாடம் வந்தது. ஆனால் மரம் நடுவோம், பிளாஸ்டிக் தவிர்ப்போம் என்பதோடு அந்தப் பாடம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. மனு எழுதவும், இசைவாணை படிக்கவும், நாட்கணக்குப் பார்க்கவும் அது பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதில்லை.

சட்டமும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை என்று முன்பு சொல்லிக்கொடுத்தோம். 2023-இல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் அந்தச் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, பத்தாயிரம் முதல் பதினைந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றியது. பழைய கையேட்டை வைத்துக்கொண்டு பேசினால் அலுவலகத்தில் நம் வாதம் எடுபடாது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை வந்து, பந்தல் போட்டு, பொன்னாடை போர்த்தி, படம் எடுத்துக்கொண்டு போகும் முகாம்களால் இது ஆகாது. இந்தக் கூட்டத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒவ்வொரு ஊரிலும் ஒரு சட்டக் குழு வேண்டும். நாலு பேர் போதும். அதில் இரண்டு பேர் பெண்களாக இருக்கட்டும்; தண்ணீரின் நிறமும் வாடையும் மாறுவதை முதலில் அறிபவர்கள் அவர்கள்தான். ஒருவர் காலனியிலிருந்து, ஒருவர் கல்லூரியில் படிப்பவர். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், வருமானம் குறைந்தவர்கள் அனைவருக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். சட்டத் தன்னார்வலர் பயிற்சியையும் அவர்களே தருகிறார்கள். உங்கள் நாலு பேரில் இருவரை அந்தப் பயிற்சிக்கு அனுப்புங்கள்.

அந்தக் குழுவிடம் ஒரு பதிவு நோட்டு இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை எந்தக் கிணறு, எந்த ஓடை, என்ன நிறம், என்ன வாடை என்று எழுதுங்கள். போட்ட மனுவின் எண், ரசீது, வந்த பதில், அடுத்த தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். தலைவர் மாறினாலும் அலுவலர் மாறினாலும் நோட்டு மாறாது. 1996 தீர்ப்பின் முக்கியப் பகுதிகளையும் 2025 தீர்ப்பின் உத்தரவுகளையும் தமிழில் எழுதி அதன் முதல் பக்கங்களில் ஒட்டுங்கள். அந்த வேலையில் என்னால் ஆன உதவியைச் செய்கிறேன் என்று இந்தச் சபையில் வாக்குக் கொடுக்கிறேன்.

நம்முடைய தீர்ப்பு நாடு முழுக்கப் போய்விட்டது. பிறந்த ஊருக்கு முழுதாக வந்து சேர அதற்கு இன்னும் ஆள் தேவைப்படுகிறது. இந்தக் கூட்டம் கலைவதற்கு முன் அந்த நாலு பேரின் பெயரை இங்கேயே எழுதிவிடுவோம். அடுத்த கிராம சபையில் முதல் மனுவை அவர்கள் கொடுக்கட்டும். ரசீதை வாங்கி நோட்டில் ஒட்டட்டும்.